பஸ்காரி வெட்டிய கறி

நாத்தனாரைப் புகழ்ந்து பேசுகிற அண்ணியை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இப்போது பார்த்துக்கொள்ளுங்கள். என் கணவரின் தங்கைக்கும் எனக்கும் ஆரம்பத்தில் ஏழாம் பொருத்தம்தான். வாய்ச்சண்டையில் நானும் சளைத்தவள் இல்லை, அவளும் சளைத்தவள் இல்லை. ஆனால் அவளைப் பற்றி வேறு யாராவது ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் இருக்கிறது.

அவள் புருஷனுக்கு ஒரு பழக்கம். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிப்பான். உப்புக் கூடினாலும் அடிதான், கறி வேகாவிட்டாலும் அடிதான். வருஷக்கணக்காகச் சுவரைத் துடைத்தவள் ஒரு நாள் ஈரத்துணியை அப்படியே தரையில் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் என்று அவன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவளோ பஸ் ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அன்றிலிருந்து குடும்பத்தில் அவளுக்குப் பஸ்காரி என்று பெயர். கேலிக்கு வைத்த பெயர்தான், அவளுக்கென்னவோ பிடித்துப்போயிற்று.

குடும்பம் வருஷா வருஷம் கூடுவது எங்கள் வீட்டில். "இந்தத் தடவை என் வீட்டுக்கு வாங்க, மாட்டிறைச்சி ரோஸ்ட் பண்றேன்" என்றாள். என் கணவர் மறுபேச்சில்லாமல் சரி என்றார். எதற்கும் சட்டென்று சரி சொல்கிற மனுஷன் இல்லை அவர். எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

காலையிலேயே ஒத்தாசைக்குப் போனேன். மூன்றாவது மாடி, ஒரே அறை, அதோடு ஒட்டிய சமையலறை. மேஜை அவளுடையது, நாற்காலிகளில் பாதி பக்கத்து வீட்டிலிருந்து வந்தவை. கறியை முதல் நாளே உப்புத் தடவி மூடாமல் ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். அதை நூலால் இறுக்கிக் கட்டி, காய்ந்த எண்ணெயில் எல்லாப் பக்கமும் சிவக்கப் புரட்டி எடுத்து, மிளகும் பூண்டும் பூசினாள். நான் தோல் சீவிய உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ட்ரேயில் பரப்பி, அதன் மேல் கறியை வைத்து ஓவனுக்குள் தள்ளினாள். வாசனை தாங்காமல் நான் கதவைத் திறந்து திறந்து பார்த்தேன்.

"எட்டி எட்டிப் பாக்கறதுக்கு அது என்ன தொட்டிலா அண்ணி? மூடுங்க!"

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "இன்னிக்கு எல்லாம் நல்லபடியா நடக்கணும். என் வீட்ல நான் நல்லாத்தான் இருக்கேன்னு அண்ணன் கண்ணால பாக்கட்டும். அவர்கிட்ட திரும்பிப் போ, திரும்பிப் போன்னு என் உயிரை எடுக்கறதை அதோட நிறுத்தட்டும்."

கறியை ட்ரேயோடு வெளியே எடுத்து அலுமினியத் தாளால் மூடி மேஜையில் வைத்தபோது கதவு தட்டப்பட்டது. அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி என் கணவர் நின்றார். அவர் பின்னால் பழப்பையோடு அவன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவரின் கையைக் கிள்ளினேன்.

"பழசையெல்லாம் கிளறாதே. ஒரு வேளை ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்றார் என்னிடம்.

பஸ்காரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "விருந்தாளியா வந்திருந்தா உக்காருங்க. வேற நெனப்பு எதுவும் வேணாம்."

எங்கள் குடும்பத்தில் கறியை வெட்டுவது அந்தந்த வீட்டு ஆம்பளை. சமைப்பது யாராக இருந்தாலும் கத்தி அவர் கையில்தான். என் கணவர் உட்கார்ந்ததும் கத்தியை எடுத்து அவனிடம் நீட்டினார். "நீங்களே வெட்டுங்க மாப்பிள்ளை. உங்க வீட்டுச் சாப்பாடுதானே."

அதற்கு என்ன அர்த்தம் என்று மேஜையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவன் இளித்துக்கொண்டே கத்தியை வாங்கினான்.

பஸ்காரி ட்ரேயைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்! அவன் கத்தியும் கையுமாக வெறும் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னம்மா இது? பசிக்குது" என்றார் என் கணவர்.

"ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்க முடியாதா? சூட்டோட வெட்டினா சாறு பூரா ஓடிடும். ஆறட்டும். ஆறினதும் நான் வெட்டுவேன். இது என் வீடு."

அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. கத்தியை மேஜையில் போட்டுவிட்டு எழுந்தான். "இப்ப நான் போனா அப்புறம் திரும்பி வரவே மாட்டேன், தெரிஞ்சுக்கோ!"

"அதைத்தானே இத்தனை நாளா கேக்கறேன்" என்றாள்.

பழப்பையையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான் அந்தப் புண்ணியவான். என் கணவரும் எழுந்தார். "மாப்பிள்ளையை அவமானப்படுத்தின வீட்ல நமக்கென்ன சாப்பாடு? அம்மா, எந்திரி. நீயும் கிளம்பு."

"நான் வரலீங்க. காலையிலேர்ந்து உருளைக்கிழங்கு சீவிச் சீவி கை காந்துது. தின்னாம நகர மாட்டேன்" என்றேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் அப்படி நான் சொன்னதே இல்லை. சொன்ன பிறகு சந்தோஷமாக இருந்தது.

என் மாமியார் அசையவேயில்லை. "தட்டு பறந்தப்ப எல்லாம் நான் வாயை மூடிட்டு இருந்தேன்டா. இன்னிக்காவது எம்பொண்ணு கையால நிம்மதியா சாப்பிட விடு" என்றார்.

கறி ஆறியதும் பஸ்காரி ட்ரேயோடு திரும்பி வந்தாள். நூலை அறுத்தாள். கத்தி இறங்கியது. வெளியே நன்றாகச் சிவந்து, உள்ளே இளஞ்சிவப்பாக, ஒரே கனத்தில் துண்டுகள் சாய்ந்தன. முதல் துண்டு அவள் அம்மாவுக்கு, அடுத்தது எனக்கு. வாயில் வைத்தால் வெண்ணெய்தான், போங்கள்!

கதவருகே கொஞ்ச நேரம் வீறாப்பாக நின்ற என் கணவர் மெதுவாக வந்து உட்கார்ந்தார். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. தட்டை நீட்டினார்.

அவள் போடவில்லை. கத்தியைப் பிடித்தபடி நின்றாள்.

"சரி, விடு. இனிமே அவரைப் பத்திப் பேசலை" என்று முணுமுணுத்தார்.

"காதுல விழலைண்ணா. திரும்பிப் போன்னு இனிமே சொல்ல மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சத்தமா சொல்லு. அப்புறம்தான் கறி."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை மென்றுகொண்டே மகனைப் பார்த்தார். காலித் தட்டை நீட்டியபடியே, எல்லார் காதிலும் விழும்படி, என் கணவர் சொன்னார்.