பதநீர்த் தொட்டிக்குள் சுண்ணாம்பு

திருநெல்வேலி டவுணில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு சாண் நீளத்தில் தகரத் தொட்டி வண்டி ஒன்று நிற்கிறது. நாலு சக்கரம், மேலே ஒரு வட்ட மூடி. வருகிறவர்கள் எல்லாரும் சக்கரத்தைத்தான் உருட்டிப் பார்ப்பார்கள். மூடியைத் திறக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

செய்தவர் என் மைனி, அண்ணனின் மனைவி. தொழில் தையல். குலசேகரன்பட்டினத்துச் சர்க்கரை ஆலைக்கு ஒரு காலத்தில் இரண்டடி அகலத் தண்டவாளத்தில் குட்டி ரயில் ஓடியது. அதில் பதநீர் கொண்டுபோன தொட்டி வண்டியைக் கழுவும் வேலை பார்த்தவர் மைனியின் அப்பா. தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போன பிறகு அதை யார் நம்புவார்கள்? அந்த மாமாவைப் புளுகுமூட்டை என்று கேலி செய்தவர்களில் நானும் உண்டு. கண்பார்வை போனதோடு அவர் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார். மைனிக்கு அதுதான் பொறுக்கவில்லை. "எங்க அப்பா பொய்க்காரன்னு பேரு வாங்கிட்டுப் போவக்கூடாது" என்று இந்த வண்டியைச் செய்ய ஆரம்பித்தார்.

படம் ஏதும் கிடையாது. கேட்டுக் கேட்டுத்தான் அளவு எடுத்தார். தொட்டி நெஞ்சு மட்டம் என்றார் மாமா. மூடி? "தோளு நுழையணும்லா, உள்ள எறங்கித்தான கழுவணும்." கிழவர் அதற்குள் வற்றிக் குறுகிப் போயிருந்தார். மைனி பெட்டிக்கடியில் கிடந்த அவருடைய கல்யாணச் சட்டையை எடுத்து, டேப்பை வைத்துத் தோளளவு பார்த்தார். அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. சக்கரம் மட்டும் பட்டறையில் கடைந்தது. மற்றதெல்லாம் நெய் டின்னைக் கத்தரித்து வளைத்து, கோணலாகப் போன இரண்டு தொட்டிகளைத் தூர எறிந்து, அவரே பற்றவைத்தது. தகரம் கிழித்த விரலோடு ஊர் ரவிக்கைக்கெல்லாம் கொக்கி தைத்தார்.

"அவருக்குத்தான் கண்ணு தெரியாதே மைனி, குத்துமதிப்பா இருந்தாப் போதாதா?" என்றேன்.

"கண்ணு தெரியாதவருக்குத்தான் தம்பி சரியா இருக்கணும். வெரல ஏமாத்த முடியாது."

ஒரு மத்தியானம் வண்டியை மாமாவின் மடியில் வைத்தார். சக்கரம், கொக்கி, மூடி என்று பைய தடவிக்கொண்டே வந்தவர், மூடியைத் திறந்து விரலை விட்டுத் துழாவினார். "இது எங்க வண்டி இல்ல" என்றார். மைனியின் முகம் செத்துப்போயிற்று.

"உள்ள சுண்ணாம்ப எங்க? இப்படிக் கொண்டு போனா ஆலைக்குப் போயிச் சேருததுக்குள்ள கள்ளாயிரும்லா?"

சுண்ணாம்பு தடவாத கலயத்தைப் பதநீருக்குப் பனையில் கட்டவே மாட்டார்கள். பனங்காட்டில் வளர்ந்த மைனிக்கு அது தெரியாததா? ரயில் என்றதும் பனை மறந்துவிட்டது. நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். மைனி மாமாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக் குழைத்து, மூடி வழியாக விரலை விட்டு, எட்டிய மட்டும் உள்சுவரில் பூசி வெயிலில் வைத்தார். காய்ந்ததும் திரும்ப மடியில் வைத்தார்.

மாமா விரலை விட்டு எடுத்து மோந்து பார்த்தார். "ஏட்டி, இனும இதக் கழுவ ஆளு வேணுமே" என்று சிரித்தார். பிறகு விளக்கு வைக்கும்வரை ஓயாமல் அந்த ரயிலைப் பற்றியே பேசினார். நான் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு கேட்டேன். அந்த ஐப்பசியில் அவர் போய்விட்டார்.

மைனியைப் போல ஒரு கைகாரியை நான் பார்த்ததில்லை. இன்னும் தைத்துக்கொண்டுதான் இருக்கிறார். போன வாரம் ஒரு சொந்தக்காரர் சக்கரத்தை உருட்டிக்கொண்டே, "இப்படி ஒரு ரயிலு நெசமாவே ஓடிச்சா, இல்ல அந்தப் பெரியவரு கத அளந்ததா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு காலத்தில் நான் கேட்ட அதே கேள்வி.

"மூடியத் தொறந்து வெரல உள்ள விடுங்க" என்றேன்.

விட்டார். வெள்ளையாக வந்தது.