எண்ணெய் மணலில் ஏற்றிய சூடம்

விளாங்குடி சோலை எனக்கு மூன்று லட்சம் ரூபாய் கடன்பட்டிருந்தான். கனடாவுக்குப் போக வாங்கியது. ஈடாக அவனுடைய டிப்பர் லாரி கோச்சடையில் என் ஷெட்டில் நின்றது. வட்டியை மாதாமாதம் கட்ட வேண்டும். மூன்றாவது தீபாவளிக்குள் அசல் வராவிட்டால் லாரி எனக்கு. இதுதான் பேச்சு. பத்திரம் எதுவும் எழுதவில்லை. நான் சொன்னால் சொன்னதுதான் என்று மதுரையில் லாரி ஓட்டும் எவனைக் கேட்டாலும் சொல்லுவான். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்காதவன் ஆறு லாரி வைத்திருக்கிறேன். ஒன்றுகூட அப்பன் வாங்கித் தந்ததில்லை.

ஆற்றில் மணல் அள்ளத் தடை வந்து லாரி ஓட்டம் நின்றபோது சோலையின் பிழைப்பும் நின்றது. முன்பு ஓமானில் கல் குவாரியில் பெரிய டம்பர் ஓட்டியவன். அதை வைத்துத்தான் ஏஜென்ட் கனடாவில் மணல் ஏற்றும் வேலை என்று பிடித்துக் கொடுத்தான்.

“மணலுக்காண்ணே கனடா வரைக்கும் கூப்புடுறாய்ங்க? நாம பாக்காத மணலா?” என்று சிரித்துக்கொண்டே விமானம் ஏறினான்.

அது வேறு மணல். கருப்பட்டிப் பாகில் பிசைந்ததுபோல எண்ணெய் ஊறிக் கிடக்குமாம். கிணறு போட்டு உறிஞ்ச முடியாது. தரையை வெட்டி, வீட்டளவு லாரியில் ஏற்றி, சுடுதண்ணீரில் அலசிப் பிரிக்கிறார்கள். இரண்டு டன் மணலுக்கு ஒரு பீப்பாய் தேறுமாம். அந்தக் குழம்பும் தானாக ஓடாது. மெல்லிய எண்ணெய் கலந்தால்தான் குழாயில் போகும். இதையெல்லாம் அவன் போனில் சொன்னதும், எண்ணெய் விலை இறங்கினால் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது என்று கணக்குச் சொன்னவன் நான்தான்.

என் ஷெட்டில் சூடம் காட்டாமல் எந்த வண்டியும் கிளம்பாது. சோலையும் பழக்கத்தை விடவில்லை. கனடாவில் லாரியைத் தனியாக ஓட்டக் கொடுத்த முதல் நாளே எனக்குப் போன் வந்தது.

“அண்ணே, வண்டிக்கு முன்னாடி சூடம் ஏத்திட்டேன்ணே.”

“நல்லதுதானடா.”

“என்னத்த நல்லது? இங்க தீக்குச்சியே கொண்டாரக் கூடாதாம். கீழ கெடக்குற மண்ணே எண்ணெய்யில்ல! அம்புட்டுப் பேரும் கத்திக்கிட்டு ஓடியாராய்ங்க.”

“பத்திக்கிச்சா?”

“அந்த மண்ணு லேசுல பத்தாதாம்ணே. ஆனா வண்டியப் புடுங்கிட்டாய்ங்க.”

ஊருக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். குளிரில் லாரித் தொட்டியில் உறைந்து ஒட்டிய மணலைச் சுரண்டும் வேலைக்கு மாற்றினார்கள். சம்பளம் பாதியானது. வட்டி மட்டும் மாதம் தவறாமல் வந்தது.

அந்தச் சமயத்தில் சிம்மக்கல்லில் பழைய வண்டி வாங்கி விற்கும் அப்துல் வஹீது, சோலையின் லாரியை ஐந்து லட்சத்துக்குக் கேட்டார். செய்தி அறிந்து சோலையின் மனைவி அன்னக்கொடி ஷெட்டுக்கே வந்துவிட்டாள்.

“லாரிய வித்துப்புடாதீகண்ணே. அத விட்டா எங்களுக்கு வேற பொழப்பு இல்ல.”

“ஒம் புருசன் அங்க சுரண்டிக்கிட்டுல்ல இருக்கான்?”

“சுரண்டுனாலும் டாலரத்தானே சுரண்டுறாரு?”

சிரித்துவிட்டேன். தவணைக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருக்கிறது என்று வஹீதைத் திருப்பி அனுப்பினேன். வேறு எவனாக இருந்தாலும் விற்றிருப்பான்.

சோலை இரண்டு குளிர்காலம் சுரண்டினான். மறுபடி ஸ்டியரிங்கைக் கொடுக்கவே இல்லை. மூன்றாவது தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒப்பந்தம் முடிந்து வந்தான். இளைத்திருந்தான். நேராகத் தன் லாரியிடம் போய் டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்தான். கூடவே அன்னக்கொடியும் வந்திருந்தாள்.

“பேங்க்ல போட்டு விட்ரவாண்ணே?”

“செல்லுல டிங்குனு சத்தம் வந்தா அது காசாடா? எண்ணிக் குடு.”

வங்கிக்குப் போய் எடுத்து வந்தான். ஐநூறு ரூபாய்க் கட்டு ஆறு.

“பாத்து எண்ணுங்க, ஒண்ணு கூடப் போயிறாம” என்றாள் அன்னக்கொடி.

நான் கையை நீட்டினேன். சோலை முதல் கட்டைப் பிரித்து, விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, ஒவ்வொரு தாளாக என் உள்ளங்கையில் வைத்து எண்ணினான்.