விரலளவு வெள்ளிக்கால்

இன்று காலை போனில் பார்த்தேன். எத்தனையோ கோல் அடித்த அந்த இங்கிலாந்துக் கால்பந்து வீரர் கடைசி ஆட்டம் முடிந்து மைதானத்தை விட்டு நடந்து போனார். என் கண் அவருடைய வலது முழங்காலிலேயே நின்றது.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அந்த முழங்கால் முறிந்து, அவர் இனி ஆடமாட்டார் என்றார்கள். நான் சாப்பிடாமல் அழுதேன். என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளிக்குத்தான் கால் முறிந்ததென்று நினைத்த அம்மா, புனித அந்தோனியாருக்கு வெள்ளியில் கால் செய்து வைப்பதாக நேர்ந்துவிட்டா. ஆள் யாரென்று தெரிந்ததும் ஏசினா. ஆனாலும் அவர் திரும்பி வந்து கோல் அடித்த கிழமையே, விரலளவு வெள்ளிக்காலோடு வாவி கடந்து கோயிலுக்குப் போனா.

போனை அம்மாவிடம் நீட்டினேன்.

"நொண்டாம நடக்கிறானா மனே?"

"ஓம் அம்மா. இனி விளையாட மாட்டாராம்."

அம்மா பெருமூச்சு விட்டா. "அப்பாடா. இனிச் செவ்வாய்க்கிழமை அவன்ட காலுக்கு ஏத்துற மெழுகுதிரிய நிப்பாட்டலாம்."