பன் படம் போட்ட வண்டி

உதிரிபாகக் கடை கவுன்ட்டரில் நிற்பவரை அந்தத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கேட்டலாக் என்றால்தான் தெரியும். எந்த வண்டியின் எந்தத் திருகாணியைக் கேட்டாலும் தூக்கத்தில்கூட விலை சொல்லுவார். விலையைச் சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்லுவார்.

"இதை மாத்தினா அதையும் சேர்த்து மாத்திடுங்க. இல்லன்னா ரெண்டும் போயிடும்."

பிரேக் கட்டை வாங்க வந்தவர் டிஸ்க்கும் வாங்கிக்கொண்டு போவார். டிஸ்க் வாங்க வந்தவர் பேரிங்கைப் பற்றிய கவலையோடு வீடு திரும்புவார். முதலாளிக்கு இவரைக் கண்டால் வாயெல்லாம் பல்.

அந்த வித்தையை மனிதர் தனக்கே செய்துகொண்டதுதான் வேடிக்கை. மலையைத் தாண்டி, சாலை போய் முடிகிற இடத்தில் ஒரு கடற்கரை இருக்கிறது. கல்யாணமான புதிதில், "உன்னை அங்க கூட்டிட்டுப் போறேன்" என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு ஒரு வண்டி வேண்டுமே. சாதாரண வண்டியா? நாள் கணக்கில் காடு மேடெல்லாம் போய், அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து எழுகிற வண்டி. அதற்குப் பெரிய டயர் போட வேண்டும். டயரைப் பெரிதாக்கினால் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கை மாற்றினால் பிரேக்கை விட முடியாது. பிரேக் வரைக்கும் வந்தபிறகு எஞ்சினைச் சும்மா விடுவானேன்? இப்படியே மனசுக்குள் மாற்றி மாற்றி, வாங்காத வண்டியின் விலை ஒரு சின்ன வீட்டின் விலைக்கு ஏறிவிட்டது.

"பணம் சேர்ந்துச்சா?" என்று மனைவி எப்போதாவது கேட்பாள்.

"இன்னும் கொஞ்சம்" என்பார்.

சேர்ந்தது பணமில்லை, சாமான். கடையில் வேலை செய்பவருக்கு விலையில் சலுகை உண்டு, பிறகென்ன? சேற்றில் மாட்டிய வண்டியை இழுத்துவிடும் வின்ச் ஒன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தது. மனைவி அதன்மேல் ஒரு துணியைப் போர்த்திப் பூச்சாடி வைத்துவிட்டாள். வண்டிக் கூரைமேல் விரிக்கிற கூடாரம் பீரோவுக்கு மேலே. ஆற்றைக் கடக்கும்போது எஞ்சின் மூச்சுவிடுவதற்கான குழாய் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றது. அந்தத் தெருவில் மழைத்தண்ணீர்கூட நிற்காது. கட்டிலுக்கடியில் ஷாக் அப்சார்பர்கள். அவற்றில் அவள் கால் சுண்டுவிரல் இடிபடாத வாரமில்லை. மொத்தத்தில் வண்டிக்கு வேண்டியதெல்லாம் வீட்டில் இருந்தது, வண்டியைத் தவிர.

மனைவிக்கு வேலை பேக்கரியில் வண்டி ஓட்டுவது. விடிவதற்கு முன்னால் போய், சுடச்சுட ரொட்டித் தட்டுகளை ஏற்றி, பின்கதவைச் சாத்தி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுக் கிளம்புவாள். திரும்பிப் பார்க்கிற பழக்கமே கிடையாது. ரொட்டி நடுவழியில் இறங்கியா போகப்போகிறது? வேலை முடிந்ததும் வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவாள். வண்டியின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஒரு பன் வரைந்திருக்கும். அந்தப் பன்னுக்குக் கண் உண்டு, சிரிப்பும் உண்டு.

ரொட்டிக்கு விடுமுறை இல்லாததால் அவளுக்கும் இருந்ததில்லை. சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வீட்டில் இருந்தவளில்லை. அப்படியிருக்க, பேக்கரியின் பழைய அடுப்பு ஒரு நாள் விரிசல் விட்டது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். கையோடு புது வண்டியும் வாங்கப் போவதாகவும், பழையது இரும்புக் கடைக்குப் போகிறது என்றும் முதலாளி சொன்னார். அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வந்து சாவியைப் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வண்டிய நானே வாங்கிட்டேன். இரும்பு விலைக்கு."

கேட்டலாக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுக்கு?"

"கடலுக்கு. திங்கட்கிழமை கிளம்பறோம்."

"இதுலயா? இதுக்கு டயர் மாத்தணும். டயரை மாத்தினா..."

"டயர் ரெண்டு மாத்தியாச்சு. பேட்டரியும் போட்டாச்சு. அத்தோட நிறுத்திக்குங்க."

"ஒரு ரெண்டு வருஷம் பொறு. சரியான வண்டியா வாங்கிடலாம்."

அவள் கோபப்படவில்லை. "இந்த அடுப்பு விரிசல் விட இவ்வளவு வருஷம் ஆச்சு. புது அடுப்பு எப்போ விரிசல் விடும்னு யாருக்குத் தெரியும்? இப்போ போகலைன்னா நான் போகவே போறதில்லை. நீங்க வர்றீங்களா, இல்ல வின்ச்சுக்குக் காவல் இருக்கப் போறீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் வின்ச்சைத் தூக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். மாட்ட இடமில்லை. மாட்டினால் பம்பர் கையோடு வந்துவிடும். கடைசியில் ரொட்டி அடுக்கும் சட்டங்களில் ஒரு பக்கத்தைக் கழற்றி, பலகை போட்டு, வீட்டு மெத்தையை விரித்தார். மறுபக்கத் தட்டுகளில் துணிமணி, பாத்திரம், அடுப்பு எல்லாம் அடுக்கியானது. வண்டிக்குள் எங்கே முகர்ந்தாலும் ரொட்டி வாசம்.

முதல் நாள் முழுக்க அவர் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். பெட்ரோல் போட நின்றால் "பன் எவ்வளவு?" என்று ஆள் வந்துவிடும். சிக்னலில் பக்கத்து வண்டிக் குழந்தைகள் பன்னுக்குக் கையாட்டின. மனைவி பதிலுக்கு ஹாரன் அடித்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வண்டி ஓட்டுவதை அவர் பார்த்தார். வண்டியை நினைத்து வெட்கமாக இருந்தது. அவளைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மலைச்சாலையில், ஓடைக்குப் பக்கத்தில் தங்கினார்கள். அவர் விடும் குறட்டைக்குப் பயந்து அவள் முன்பக்க நீள சீட்டிலும், அவர் பின்னால் மெத்தையிலும் படுப்பதென்று ஏற்பாடு. நடுவில் தகரத் தடுப்பு. வழக்கமாக வெயில் சுள்ளென்று அடித்தால்தான் எழுந்திருப்பவர், மறுநாள் பார்த்துக் குளிரில் சீக்கிரமே விழித்துக்கொண்டு, பல் தேய்க்க ஓடைக்குப் போனார்.

வாய் நிறைய நுரையோடு குனிந்திருந்தபோது கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்புறம் தட், தட் என்று இரண்டு தட்டு.

அவருக்குப் புரிந்துவிட்டது. கத்தலாம் என்றால் வாயில் நுரை. துப்பிவிட்டு மேலே ஓடி வருவதற்குள் பன் சிரித்துக்கொண்டே வளைவில் திரும்பி மறைந்தது. உடம்பில் பனியனும் அரைக்கால் சட்டையும், கையில் டூத் பிரஷும். போன் மெத்தைமேல்.

முதலில் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் போகப் போகச் சிரிப்பு போய்விட்டது. அவள் கதவைத் திறந்து பார்க்கிற நிமிஷத்தை நினைத்தார். இந்த மலையில் அவள் தனியாகத் தவிக்கப் போகிறாளே என்று நினைத்ததும் வண்டி போன பக்கமே வேகமாக நடக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் அந்த வண்டி வந்தது. வந்தது என்றால் சும்மா இல்லை, அவர் இத்தனை வருஷமாக மனசுக்குள் கட்டிய வண்டியே வந்தது. அதே டயர், அதே ஸ்பிரிங், மேலே அதே கூடாரம். அதிலிருந்து ஓர் இளம் தம்பதி இறங்கினார்கள். விஷயத்தைக் கேட்டதும், "ஏறுங்க சார், பிடிச்சிடலாம்" என்றான் அந்தப் பையன்.

சும்மா சொல்லக் கூடாது, சீட் சொகுசாகத்தான் இருந்தது. கவலைக்கு நடுவிலும் அவர் கை தானாகவே அதைத் தடவிப் பார்த்தது.

"இந்த வின்ச்சை எத்தனை தடவை போட்டு இழுத்திருக்கீங்க தம்பி?"

பையன் தன் மனைவியைப் பார்த்தான். "இன்னும் உறையே பிரிக்கல சார்" என்றாள் அவள்.

"கடல் வரைக்கும் போறீங்களா?"

"ஆசைதான். நாளைக்கு ஆபீஸ் போகணுமே. வண்டிக் கடன் இன்னும் பாதிகூட அடையல" என்றான் பையன். "அதுவுமில்லாம முன்னால தார் ரோடு முடிஞ்சிடுது. கல் தெறிச்சா பெயின்ட் போயிடும்."

சொன்னபடியே தார் முடிகிற இடத்தில் நிறுத்தினான். முன்னால் வெறும் கப்பி ரோடு. கேட்டலாக் இறங்கி நடக்கத் தயாரானபோது தூரத்தில் புழுதி எழுந்தது. புழுதிக்குள்ளிருந்து ஒரு பன் சிரித்துக்கொண்டு வந்தது.

அவள் எஞ்சினைக்கூட நிறுத்தவில்லை. குதித்து ஓடி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கீழ ஒரு டீக்கடை. பழக்க தோஷத்துல பின்வாசலுக்கு ரிவர்ஸ் போட்டு, பின்கதவைத் திறந்தேன். மெத்தை காலியா இருக்கு. வழியில எங்கயோ விழுந்துட்டீங்கன்னு... ஒவ்வொரு வளைவுலயும் இறங்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கிட்டே வர்றேன்."

கேட்டலாக் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்த டீக்கடைக்காரர் வேற, பன் எங்கன்னு கேட்டுக்கிட்டே பின்னாடி ஓடி வர்றார்" என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. அதற்குமேல் இரண்டு பேராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இளம் தம்பதி பன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். தட்டுகளை இழுத்து இழுத்துப் பார்த்தாள் அந்தப் பெண். "இதுக்கெல்லாம் எவ்வளவு ஆச்சு சார்?" என்றான் பையன்.

விலை கேட்டால் கேட்டலாக்குக்கு உயிர் வந்துவிடுமே. "இரும்பு விலைக்கு வண்டி. ரெண்டு டயர், ஒரு பேட்டரி. மெத்தையும் அடுப்பும் வீட்டுது." மனசுக்குள் கூட்டிப் பார்த்தவர் கொஞ்சம் நிதானித்தார். "மொத்தமும் எங்க வீட்டுக் கூடத்துல பூச்சாடி வெச்சிருக்கிற வின்ச் விலையைவிடக் கம்மி."

பையன் சிரிக்கவில்லை. முன்னால் நீண்டு கிடந்த கப்பி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வண்டியைத் திருப்பினான். வளைவு வரும்வரை அவன் மனைவி ஜன்னல் வழியே பன்னைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மறுநாள் மத்தியானம் சாலை முடிந்தது. அவள் வண்டியைத் திருப்பி, கடைப் பின்வாசலுக்குப் போடுகிற மாதிரி ரிவர்ஸ் போட்டு, மணலுக்கு முன்னால் கச்சிதமாக நிறுத்தினாள். பின்கதவு இரண்டையும் விரியத் திறந்தாள். ரொட்டி இருந்த இடத்தில் இரண்டு பேரும் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார்கள். எதிரே கடல்.

பக்கத்துக் கதவைத் தட்டிக் காட்டி அவர் சொன்னார். "இந்த வண்டி இத்தனை வருஷமா நம்ம வாசல்லதான் நின்னுச்சு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "அப்போ உள்ள ரொட்டி இருந்துச்சு. உங்களுக்கு இடம் எங்க இருந்துச்சு?" என்று சொல்லிவிட்டுத் தோளில் சாய்ந்துகொண்டாள்.

மூன்று நாள் அங்கே இருந்தார்கள். கிளம்ப வேண்டிய காலையில் அவள் அடுப்பை எடுத்து வைத்தாள், தட்டுகளை உள்ளே தள்ளினாள், முன்னால் போய் எஞ்சினைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். பின்கதவில் ஒன்றைச் சாத்தினாள். மற்றதைச் சாத்துவதற்கு முன்னால் நின்று, மலையில் அவரை விட்டுவிட்டுப் போனதிலிருந்து பழகிக்கொண்டபடி குரல் கொடுத்தாள்.

"உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"கிளம்பலாமா?"

கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தாள். அவர் மெத்தையில் உட்கார்ந்து, சாத்தாத கதவு வழியே தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

அவள் முன்னால் போய் எஞ்சினை அணைத்துவிட்டு வந்து, சாத்திய கதவையும் திறந்தாள்.