ஆற்காட்டுச் சிப்பாயின் செருப்பு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் பேட்டர்ன் அறையில் கௌசர் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். ஷூவின் மேல்பாகத்துக்கு என்னென்ன துண்டுகள் வேண்டும், அவற்றை ஒரு தோலின் மேல் எப்படி இடம் விடாமல் அடுக்கி வெட்டுவது என்று கணினியில் போட்டுக் கொடுப்பவள் அவள்தான். இரண்டு துண்டுகளுக்கு நடுவே கொஞ்சம் தோல் வீணானாலும் அவளுக்குப் பொறுக்காது. "அக்கா அடுக்குனா ஊசி நுழைய இடம் இருக்காது" என்று கட்டிங் சூப்பர்வைசர் புகழேந்தி புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்வான்.

அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது கம்பெனியில் யாருக்கும் தெரியாது. நாடு பிடிக்கிற, படை நடத்துகிற கணினி விளையாட்டு ஒன்றை அவள் கணவன் யாசிர் ஆசையாக வாங்கினான். இரண்டே நாளில் அவனுக்குச் சலித்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளைத்தான் அது பிடித்துக்கொண்டது. அதில் ஆற்காட்டு நவாபின் படை வந்தது. சிப்பாய்கள் அத்தனை பேரும் முழங்கால் வரை ஐரோப்பிய பூட்ஸ் போட்டிருந்தார்கள். இந்த ஊர் வெயிலில் அதை மாட்டிக்கொண்டு எவன் சண்டைக்குப் போவான்? வெள்ளைக்காரச் சிப்பாயின் காலை எடுத்து இவனுக்கு ஒட்டிவிட்டிருந்தார்கள். சோம்பேறிகள் என்று கௌசர் வாய்விட்டே திட்டினாள்.

ஆடுகிறவர்களே அதை மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்த பிறகு அவள் சும்மா இருப்பாளா? அதற்கென்றே இலவச மென்பொருள்கள் இருந்தன. விளையாட்டின் கோப்புகளை மூட்டையாகக் கட்டி வைத்திருப்பார்கள். அந்த மூட்டையைப் பிரிக்கவும் திரும்பக் கட்டவும் ஒன்று. சிப்பாயின் பலமும் வேகமும் அட்டவணைகளில் இருக்கும். அவற்றைத் திருத்த ஒன்று. உருவத்தைச் செதுக்க ஒன்று. அந்த உருவத்தின் தோலை உரித்து, துண்டு துண்டாக ஒரே படத்தில் விரித்து வண்ணம் தீட்ட இன்னொன்று. பழைய கோப்பையும் புதியதையும் அருகருகே வைத்து, எங்கே கை தவறியது என்று காட்டிக்கொடுக்கவும் ஒன்று உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் உபயோகமானது என்பாள். முதல் வருஷம் முழுக்க அவள் தப்பாகவே செய்துகொண்டிருந்தாள். துண்டுகளை விரிக்கும் வேலையை மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் சோறு தின்பதே அதில்தானே.

இரண்டு வருஷத்தில் ஆற்காட்டுப் படை முழுவதும் தயாரானது. சிவப்புச் சட்டை, ஆளுக்கொரு முகம், தையல் தெரிகிற தோல் செருப்பு. பல நாட்டு ஆட்கள் சேர்ந்து அந்த விளையாட்டுக்குப் பெரிய மாற்றத் தொகுப்பு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். அதன் தலைவர் போலந்துக்காரர். கௌசரின் படையைச் சேர்த்துக்கொள்வதாகவும், செய்தவர்கள் பட்டியலில் அவள் பெயரை ஊரோடு போடுவதாகவும் எழுதினார். அந்தப் பெயருக்கு அவள் ரொம்ப ஆசைப்பட்டாள். அதை மறைக்கவும் இல்லை. யாசிரிடம் நாலு தடவையாவது சொல்லியிருப்பாள்.

வெளியிட ஒரு வாரம் இருக்கும்போது வந்தது வில்லங்கம். கிட்டத்தில் பார்த்தால் சிப்பாய்கள் நன்றாக இருந்தார்கள். தூரம் போனதும் ஒவ்வொரு முகத்திலும் காயம்பட்டதுபோல் சிவப்புக் கறை. ஞாயிறு மாலைக்குள் சரியாகாவிட்டால் பழைய பூட்ஸ் சிப்பாய்களே இருக்கட்டும் என்று தலைவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். கௌசர் மூட்டையைப் பிரித்துக் கட்டினாள். அட்டவணைகளைத் துழாவினாள். முகங்களுக்கு மறுபடி வண்ணம் தீட்டினாள். கறை போகவில்லை. ஞாயிறு காலை, வேறு வழியில்லாமல், துண்டுகளை விரித்து வைத்த வண்ணப் படத்தையே அவருக்கு அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. இவ்வளவு நெருக்கமான அடுக்கை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று முதலில் வியந்திருந்தார். பிறகு, கோளாறே அதுதான் என்றிருந்தார். சிப்பாய் தூரம் போகப் போக விளையாட்டு அந்தப் படத்தைச் சுருக்கும். சுருங்கும்போது ஒட்டியிருக்கும் துண்டுகளின் நிறம் ஒன்றில் ஒன்று கசியும். முகத்தை உரசிக்கொண்டு சிவப்புச் சட்டைத் துண்டு கிடந்தது. துண்டுக்குத் துண்டு இடம் விட வேண்டும் என்று எழுதியிருந்தார்.

இடம் விடுவதா? பதினாறு வருஷமாக எதற்குப் பேர் வாங்கினாளோ, அதுவே காலை வாரிவிட்டது. கௌசருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மனசில்லாமல் இடைவெளி விட்டு அடுக்கினாள். இப்போது அந்தப் படத்தில் எல்லாத் துண்டுகளும் கொள்ளவில்லை. எதையாவது விட்டாக வேண்டும். தலைவர் சுலபமான வழி சொன்னார்: செருப்பை எடுத்துவிடுங்கள், வெறுங்கால் போதும், காலை யார் பார்க்கிறார்கள்?

நான் பார்ப்பேன் என்று பதில் எழுதிவிட்டு, முகங்களைப் பாதியாகச் சுருக்கினாள். ஆசையாக வரைந்த மீசைகள் மங்கிப்போயின. வருத்தமாகத்தான் இருந்தது. செருப்பில் ஒரு தையல்கூடக் குறையவில்லை. மாலை நாலு மணிக்கு அனுப்பினாள். கறை போய்விட்டது, முகம் கொஞ்சம் மங்கல், பரவாயில்லை, சேர்த்துக்கொள்கிறோம் என்றார் தலைவர்.

புதன்கிழமை தொகுப்பு வெளியானது. சாப்பாட்டு நேரத்தில் கௌசர் அந்தப் பட்டியலைப் போனில் புகழேந்திக்குக் காட்டினாள். அதில் 'ஆற்காட்டுப் படை: கௌசர், ஆம்பூர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"இது இன்னாக்கா?"

"கம்ப்யூட்டர் கேம் புகழ். அதுல வர்ற சிப்பாய்ங்களுக்கு நான்தான் செருப்பு செஞ்சு போட்டேன்."

"அதத்தான் தெனமும் செய்றோமே."

"செய்றோம். எந்த ஜோடியிலயாவது நம்ம பேர் இருந்துக்குதா?"

புகழேந்தி கையைத் துடைத்துக்கொண்டு, போனை வாங்கி இன்னொரு முறை படித்தான்.