பகலில் வந்த உலகக் கிண்ணம்

கறுப்புக் குவாச்சி என்ற வறுத்த தர்பூசணி விதையை வாயில் போட்டதும் முதலில் நாக்கில் படுவது உப்பு. கூடவே சோம்பும் புழுதியும் கலந்தது போல ஒரு வாசனை மூக்கில் ஏறும். அப்புறம்தான் பல்லிடுக்கில் ஓடு பிளந்து நகத்துண்டு அளவுக்கு ஒரு பருப்பு கிடைக்கும். அந்த வாசனை வரும்போதெல்லாம், எங்கள் வீட்டு அலமாரியின் உச்சியில் இருந்த பழைய பிஸ்கட் டின்னும், அதை எட்ட முடியாமல் நாற்காலியில் ஏறி மூடியை மோந்து பார்த்த நான்காம் ஆண்டுச் சிறுமியான என் உருவமும் நினைவுக்கு வருகின்றன. ஒவ்வொரு சம்பளத்தன்றும் அக்கா ஒரு பொட்டலம் குவாச்சி வாங்கிவந்து அந்த டின்னில் போட்டு மூடுவாள். உலகக் கிண்ணம் தொடங்கும்வரை யாரும் தொடக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். எங்கள் வீட்டில் அவள் போட்ட ஒரே சட்டமும் அதுதான்.

அலோர் காஜா பட்டணத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் முடிவில் இருந்தது நாங்கள் கூலிவேலை செய்து குடியிருந்த தோட்டம். அப்பா எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டினார். அம்மா முதுகில் தோம்புக் கலன் சுமந்து களைக்கொல்லி மருந்து அடித்தாள். கோமதி அக்கா மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டு, குருபோங்கில் மின்னணுப் பொருள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். விடிவதற்கு முன்பே தோட்டத்து வாசலில் வந்து நிற்கும் தொழிற்சாலை வண்டியான "கிலாங் பஸ்" அவளை ஏற்றிப்போய், பொழுது சாய்ந்த பிறகு கொண்டுவந்து விடும். இன்று என் பெயருக்குப் பின்னால் ஒரு பட்டம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் பட்டம். அதைத் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்கிறேன். அந்த பஸ்ஸில் போய்வந்தவளின் சம்பளத்தில்தான் படித்தேன் என்பதையும் அதே குரலில் சொல்கிறேன்.

அக்காவுக்குக் காற்பந்து என்றால் உயிர். சின்ன வயதில் தோட்டத்துத் திடலில் பையன்களோடு சேர்ந்து கோல் காவல் காத்தவள் அவள். இரண்டு கல்லுக்கு நடுவில் நின்று எந்தப் பந்தையும் விடமாட்டாள் என்று அவள் வயதுக்காரர்கள் பின்னாளில் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவள் பெரியவளானதும் ஒரு சாயங்காலம் அம்மா கூப்பிட்டு உள்ளே உட்காரவைத்தாள். அதற்குப் பிறகு திடலுக்குப் போகவில்லை. பார்ப்பதை மட்டும் விடவில்லை. தொலைக்காட்சியில் பந்து எந்த மூலையில் இருந்தாலும் அவள் கண் கோல்கீப்பரைத்தான் தேடும். எந்த நாடு ஜெயித்தால் என்ன, "அந்தாளு ரெண்டடி முன்ன வந்திருக்கணும் பாப்பா" என்றுதான் என்னிடம் சொல்வாள்.

ஆனால் உலகக் கிண்ணம் மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை. வேறு கண்டங்களில் நடப்பதால் ஆட்டங்கள் நம் ஊருக்கு நடுச்சாமத்தில் வரும். ஆண்கள் எல்லாரும் தோட்டத்து கிளப்பில் கூடிப் பார்ப்பார்கள். பெண்பிள்ளைகள் பாயில் படுத்துக்கொண்டு, கிளப்பிலிருந்து வரும் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். விடிய விடிய டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணை எவன் கட்டிக்கொள்வான் என்பது அம்மாவின் வாதம். அந்த வருடம் போட்டி ஜப்பானிலும் கொரியாவிலும் நடந்தது. ஆட்டங்கள் மத்தியானமும் சாயங்காலமும் வரும் என்று செய்தித்தாளில் பார்த்தபோது, அக்கா அந்தத் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பெண்களும் உட்கார்ந்து பார்க்கக்கூடிய வேளையில் உலகக் கிண்ணம் வருகிறது. ஆனால் அந்த நேரத்தில்தான் அவள் தொழிற்சாலையில் இருப்பாள்.

அதனால் அவள் லீவு சேர்க்கத் தொடங்கினாள். தைப்பூசத்துக்கும் போடவில்லை, பொங்கலுக்கும் போடவில்லை. காய்ச்சலோடும் பஸ் ஏறினாள். என் பள்ளி விடுமுறையும் போட்டியின் தொடக்கமும் ஒன்றையொன்று தொடுவதைக் கண்டுபிடித்து, புக்கிட் காத்திலில் இருந்த அத்தை வீட்டுக்கு நாங்கள் இருவரும் போவதாகத் திட்டம் போட்டாள். தனியாக அனுப்பமாட்டார்கள் என்பதால் நான் துணை. அத்தையும் மாமாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். பொழுது சாயும்வரை வீடு காலியாக இருக்கும். பெரிய வண்ணத் தொலைக்காட்சி இருக்கும். இதைவிட முக்கியமாக, "கோமதி, தண்ணி கொதிக்குது பாரு" என்று அங்கே யாரும் கூப்பிடமாட்டார்கள். காலையிலேயே சோறாக்கிவிட வேண்டும், முதல் ஆட்டத்துக்கு மிலோ ஐஸ், இரண்டாவது ஆட்டத்துக்குக் குவாச்சி, இடையில் குளியல் என்று பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்துவரும் வழியெல்லாம் எனக்கு ஒப்பிப்பாள். எங்கள் குடும்பத்தில் யாரும் அதற்கு முன் விடுமுறைக்கென்று ஒரு திட்டம் போட்டதில்லை. அப்படி ஒன்று போடலாம் என்பதே எனக்கு அவள் வாயிலிருந்துதான் தெரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பாவும் அம்மாவும் நாள்கூலிக்காரர்கள். வேலைக்குப் போகாத நாளுக்குக் காசு கிடையாது. சம்பளத்தோடு லீவு என்ற அதிசயம் எங்கள் வீட்டில் அக்கா ஒருத்திக்குத்தான் இருந்தது. அதனாலேயே அது அவளுடையதாக இருக்கவில்லை. முற்றத்துக் குழாயைப் போல எல்லாரும் திறந்துகொள்ளலாம் என்றாகிவிட்டது. அம்மாவுக்குக் கண்ணில் மருந்துத் தண்ணீர் பட்டபோது மருத்துவமனைக்குக் கூட்டிப்போக அக்காவின் லீவு. தாய்மாமாவுக்குப் பெண் பார்க்கப் போகையில், பேசத் தெரிந்தவள் ஒருத்தி கூட வேண்டும் என்று அக்காவின் லீவு. "உனக்கென்னலா, வீட்ல இருந்தாலும் மொதலாளி குடுத்துடறான்" என்று அப்பா சொல்வார். அதில் பொறாமை இல்லை, பெருமைதான் இருந்தது. அக்கா தலையாட்டிவிட்டு, பிறகு என்னிடம் வந்து, இரண்டாம் வாரத்தை விட்டுவிடலாம், முதல் வாரம் போதும் என்பாள். அத்தை வீட்டுத் திட்டம் இப்படித் தேய்ந்து தேய்ந்து, கடைசியில் அந்த முதல் வாரம் மட்டும் மிஞ்சியது. அதை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அம்மா கேட்டும் கொடுக்கவில்லை.

பள்ளி மூடிய அன்று துணிகளை மடித்துப் பையில் வைத்தோம். மறுநாள் காலையில் என் கழுத்தில் முத்து முத்தாகக் கொப்புளங்கள் இருந்தன.

அம்மா பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்திருக்கா" என்றாள். அந்தச் சொல்லுக்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லாமே மாறிவிடும். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். தாளிப்பு நின்றது. தலை சீவக்கூடாது, சத்தம் போட்டுப் பேசக்கூடாது, வீட்டை விட்டு வெளியூர் போகக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. தொலைக்காட்சியை அப்பா ஓரமாகத் தள்ளிச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தார்; அம்மா ஒரு பழைய வேட்டியை அதன் மேல் போர்த்தினாள். அக்காவுக்குச் சிறு வயதிலேயே அம்மை போட்டுப்போயிருந்ததால் என் அருகில் இருக்க அவள்தான் தோது. லீவும் கையில் இருந்தது. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று எல்லாருக்கும் தோன்றியது. மடித்த துணிகளைப் பையிலிருந்து அவளே எடுத்து அலமாரியில் வைத்தாள்.

வேப்பிலை பரப்பிய பாயில் நான் கிடந்தேன். அரிப்பெடுக்கும் இடத்தை வேப்பங்கொத்தால் வருடிக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மத்தியானம் வேலை முடிந்த ஆட்கள் கிளப்பில் கூடுவார்கள். எங்கள் வீட்டிலிருந்து அது நாலு வீடு தள்ளித்தான். ஆட்டம் தொடங்கியதும் அந்தக் கூச்சல் காற்றில் ஏறி இறங்கி எங்கள் ஜன்னலுக்கு வரும். அக்கா கை அசைவதை நிறுத்திவிட்டுக் கேட்பாள். பிறகு மெதுவான குரலில் எனக்குச் சொல்லத் தொடங்குவாள். இப்போது மேலேறிப் போகிறார்கள். இது கோல் இல்லை, கோல் என்றால் நாற்காலி தள்ளும் சத்தம் வரும். இது கோல்கீப்பர் பாய்ந்து தட்டிவிட்டது, அதனால்தான் கூச்சல் பாதியில் அறுந்து "ஹா" என்று இறங்குகிறது. இடது பக்கம்தான் பாய்ந்திருப்பான். எப்படித் தெரியும் என்று கேட்டால், நானாக இருந்தால் அப்படித்தான் பாய்வேன் என்பாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். கொப்புளங்கள் எரிவது மறந்துபோகும்.

ஒருநாள் நான் அவளிடம், "ஆத்தாக்கிட்ட கேட்டுப் பாரேன்க்கா, ஒரு ஆட்டம் மட்டும்னு" என்றேன்.

"ஆத்தா சரின்னுடுவா. அம்மாதான் விடமாட்டா" என்றாள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வீட்டில் சிரிக்கவும் கூடாது.

மறுநாள் மத்தியானம் அம்மா கோயிலுக்குத் தீர்த்தம் வாங்கப் போயிருந்தாள். கிளப்பில் அன்று கூச்சல் ஓயவே இல்லை. அக்கா எழுந்து போய் ஜன்னலருகே நின்றாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பிறகு தொலைக்காட்சியைத் தன் பக்கம் கொஞ்சமாகத் திருப்பி, வேட்டியின் ஓரத்தைத் தூக்கி, ஒலியே இல்லாமல் வைத்துக்கொண்டு முட்டிபோட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் பச்சை வெளிச்சம் அசைந்தது. வாசலில் அம்மா வந்து நின்றதை நான் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. அம்மா திட்டவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு வந்து, பெட்டியை அணைத்து, துணியை இழுத்துவிட்டாள்.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் எனக்குக் காய்ச்சல் ஏறியது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது என்று சொன்னார்கள். எனக்கு நினைவிருப்பது துண்டு துண்டாகத்தான். அப்பா தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் காரைக் கேட்க ஓடினார். அம்மா என்னை மடியில் போட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

"வேண்டிக்க. உனக்கு எது வலிக்குமோ அதக் குடு."

அக்கா மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து சாமி படத்தின் முன் வைத்தாள். அவள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"பாப்பாவ விட்டுரு தாயி. இனிமே நான் பந்தாட்டம் பார்க்க மாட்டேன். இருக்கிறவரைக்கும் பார்க்க மாட்டேன்."

மருத்துவமனையில் சில நாள் இருந்துவிட்டு நான் பிழைத்து வந்தேன். மூன்று தண்ணீர் ஊற்றி, கூழ் காய்ச்சி, வாசல் வேப்பிலையை அவிழ்த்தார்கள். தொலைக்காட்சி மறுபடி நடுக்கூடத்துக்கு வந்தது. அதற்குள் அக்காவின் லீவு தீர்ந்திருந்தது. பிஸ்கட் டின்னை இறக்கி, இருந்த குவாச்சியை எல்லாம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். இறுதி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவளுக்கும் ஓய்வு நாள். பெண்கள்கூடக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கிளப்புக்குப் போனார்கள். அக்கா வீட்டுக்குப் பின்னால் குழாயைத் திறந்துவிட்டு, துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்டிருக்காது.

அதற்குப் பின் எத்தனையோ உலகக் கிண்ணங்கள் வந்துபோயின. தோட்டத்தை விற்றுவிட்டார்கள், கிளப் இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள் நிற்கின்றன. திடல் எங்கே இருந்தது என்று காரை நிறுத்திப் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை. அப்பாவும் அம்மாவும் இல்லை. குருபோங் தொழிற்சாலை ஆட்குறைப்பு செய்தபோது அக்கா வேலை போய் வீட்டோடு நின்றவள்தான், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இப்போது புக்கிட் காத்திலில் என்னோடு இருக்கிறாள். நான் அலோர் காஜாவில் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போய்வருகிறேன். எனக்கும் சம்பளத்தோடு லீவு உண்டு.

இந்த முறை அமெரிக்கக் கண்டத்தில் நடப்பதால் சில ஆட்டங்கள் நமக்குக் காலை நேரத்தில் வருகின்றன. நான் லீவு போட்டேன். சுவரில் பெரிய தொலைக்காட்சி மாட்டினேன். நாசி லெமாக் சோறும் கோப்பியும் வாங்கிவந்து மேசையில் வைத்து, ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அக்காவைக் கூப்பிட்டேன். அவள் திரையைப் பார்க்காமல் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு கூடத்தைக் கடந்து சமையலறைக்குப் போனாள்.

இத்தனை வருடமாகப் பேசாததை அன்று பேசினேன். படித்த படிப்பெல்லாம் அதற்குத்தான் என்பது போலப் பேசினேன். அது ஒரு கிருமி, கொப்புளம் வந்த சில நாளில் காய்ச்சல் ஏறுவது சிலருக்கு உண்டு, துணியைத் தூக்கியதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, என்னைக் காப்பாற்றியது மருத்துவமனை என்று எல்லாம் சொன்னேன். அக்கா கீரையை ஆய்ந்துகொண்டே முழுவதையும் கேட்டாள்.

"நீ படிச்சவ. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அப்ப வந்து பாருக்கா."

"கேட்டது கெடச்சிருச்சே பாப்பா. எதிர்ல நிக்கிற. குடுத்தத எப்படிப் போய்த் திருப்பிக் கேக்கறது?"

நான் நன்றாக இருக்கும்வரை அவள் அந்தப் பக்கம் திரும்பமாட்டாள் என்பது அப்போதுதான் முழுவதுமாகப் புரிந்தது. கூடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். யாரோ பந்தை அடித்தார்கள், கோல்கீப்பர் பாய்ந்தார். எந்தப் பக்கம், சரியாகப் பாய்ந்தாரா, ரெண்டடி முன்னால் வந்திருக்க வேண்டுமா, எதுவும் எனக்குத் தெரியவில்லை. தொலைக்காட்சியை அணைத்தேன்.

"ஏன் அமத்திட்ட? நீ பாரு, எனக்காகப் பார்க்காம இருக்காத" என்று உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

எனக்குக் காற்பந்து ஒருநாளும் பிடித்ததில்லை என்பதை இப்போது போய் அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் சொல்லக் கேட்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது.