போன வருடத்துத் தண்ணீர்

எங்கள் வீட்டில் ஒரு சேமிப்புப் பெட்டி இருக்கிறது. இரண்டு ஹார்ட் டிஸ்க்குகள் அதற்குள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். குடும்பப் படங்கள், காணி உறுதிகளின் பிரதிகள், மனைவியின் பாடசாலைக் கோப்புகள் எல்லாம் அதில்தான். மன்னார்த் தீவின் உப்புக் காற்றில் அலுமாரிப் பூட்டே இறுகிப்போகும் என்பதால், அந்தப் பெட்டியை உயரமான தட்டில், துணி கட்டிய ஒரு கூட்டுக்குள் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு தூசி தட்டுவேன்.

ஆனால் அந்தப் பெட்டி செய்த முக்கியமான வேலை வேறு. அது ஐயாவுக்கு வாய்க்காலைக் காட்டியது.

ஐயா, என் தகப்பனார், பெருநிலத்தில் நானாட்டானில் வயல் செய்தவர். வரம்பில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்த பிறகு, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கட்டும் என்று தீவுக்கு, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வயலைத் தம்பி பார்க்கிறான். வயலில் வைத்திருந்த தண்ணீர் இறைக்கும் பம்மைக் கள்வர் கொண்டுபோனபோது, வாய்க்காலில் தண்ணீரைத் திறந்து மூடும் துருசுக்குப் பக்கத்தில் ஒரு கம்பம் நட்டு, சூரிய மின்தகடும் கமெராவும் பூட்டினோம். அது பிடிப்பது சிம் அட்டை வழியாக எங்கள் வீட்டுப் பெட்டிக்கு வந்து சேரும். அதன் பிறகு ஒரு கள்வனும் அந்தப் பக்கம் வரவில்லை. ஐயாதான் வந்தார். காலைத் தேநீர் குடித்ததும் சில்லுக் கதிரையைத் தொலைக்காட்சிக்கு நேராகத் திருப்பச் சொல்வார். மற்ற வீடுகளில் செய்தி பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் துருசும், அதன் வழியாக இறங்கி ஓடும் தண்ணீரும். பார்த்து முடித்ததும் தம்பிக்குத் தொலைபேசி எடுத்து, எந்த வரம்பை வெட்ட வேண்டும், எதை அடைக்க வேண்டும் என்று சொல்வார். தம்பி எதிர்முனையில் "ஓம் ஐயா, ஓம் ஐயா" என்றபடி தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்தக் காலபோக நெல்லுக்கு மாரி மழை ஏமாற்றிவிட்டது. வாய்க்காலுக்குத் தண்ணீர் தரும் கட்டுக்கரைக் குளம் பாதிக்கு மேல் நிரம்பவில்லை. தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். ஒவ்வொரு வயலுக்கும் தன் முறை வரும்போது மட்டுந்தான் துருசு திறக்கும். தம்பியின் நெல் குடலைப் பருவத்தில் நின்றது. கதிர் இன்னும் தாளுக்குள்ளேயே இருக்கும் பருவம் அது. அப்போது தண்ணீர் தவறினால், கதிர் வெளியே வரும், உள்ளே அரிசி இருக்காது. எல்லோருமே தங்கள் முறையை எண்ணிக்கொண்டு இருந்தார்கள்.

அப்படியான நேரத்தில் நான் ஏன் அந்தப் பெட்டியில் கைவைத்தேன் என்று கேட்டால், பயந்துதான். பழைய இயங்குதளத்துக்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்று பெட்டியே திரும்பத் திரும்ப அறிவித்தது. தெரிந்த ஒரு படப்பிடிப்பு நிலையத்தில் இதே மாதிரிப் பெட்டிக்குள் யாரோ இணையத்தால் புகுந்து, அத்தனை கலியாணப் படங்களையும் பூட்டிவிட்டுக் காசு கேட்டிருந்தார்கள்.

நான் எதையும் அவசரமாகச் செய்கிறவன் அல்ல. முதலில் எல்லாவற்றையும் தனி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்தேன். பிரதி திறக்கிறதா என்று சரிபார்த்தேன். புதிய இயங்குதளத்துடன் வந்த நீண்ட அறிவித்தலைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தேன். அதில் இனி வேலை செய்யாத கமெராக்களின் பட்டியல் இருந்தது. எங்கள் கமெராவின் பெயர் அதில் இல்லை. இரண்டு முறை பார்த்தேன்.

சனிக்கிழமை காலை தொடங்கினேன். நேரே புதியதற்குத் தாவ விடாது. இடையில் ஒரு பதிப்பை ஏற்றி, பெட்டியை நிறுத்தி எழுப்பி, பிறகுதான் கடைசிப் பதிப்பு. வெளியே வாடைக்காற்று கம்பிகளை ஆட்டிக்கொண்டிருந்தது. மின்சாரம் போய்விடுமோ என்று யு.பி.எஸ்ஸுக்குப் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தேன். மத்தியானத்துக்கு முன் முடிந்தது. படங்கள் இருந்தன. உறுதிகள் இருந்தன. மனைவியின் வினாத்தாள்கள் இருந்தன. வாய்க்கால் மட்டும் இல்லை.

கமெராவின் வெளிப்பெட்டியில் இருந்த பெயர் ஒன்று, உள்ளே இருந்ததைச் செய்தவர்கள் வேறு யாரோ. அந்த வேறு யாரோ பட்டியலில் இருந்தார்கள். பழைய பதிப்புக்குத் திரும்பிப் போகவும் வழியில்லை. பெட்டி அதை அனுமதிப்பதில்லை. சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்தபடி, "செய்யாமல் விட்டிருக்கலாம் எண்டு நான் சொல்ல மாட்டன்," என்றாள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஆனா விட்டிருக்கலாம்," என்றாள்.

ஐயாவுக்கு விளங்கப்படுத்தினேன். கமெரா பழுது, வாய்க்கால் அப்படியே இருக்கிறது என்றேன். அவர் நம்பவில்லை. தண்ணீரை யாரோ மேலே மறித்துவிட்டார்கள், தனக்குக் காட்டக் கூடாது என்றுதான் படத்தை நிறுத்தியிருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டார். மாலைவரை கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. ஞாயிறு காலை கதிரையின் கைபிடிகளை ஊன்றி எழும்பப் பார்த்து, பாதியில் என் தோளில் சரிந்தார். "என்னை பஸ்ஸில ஏத்திவிடு. நான் போய்ப் பாத்திட்டு வாறன்." தூக்கி இருத்தினேன். திரும்பவும் எழும்பினார். அன்று எத்தனை தரம் தூக்கினேன் என்று எழுதி வைக்கவில்லை. அப்படி எழுதாமல் விடுவது எனக்கு வழக்கம் இல்லை.

தம்பிக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

"பழசு ஒண்டைப் போட்டு விடுங்கோ அண்ணை," என்றான். "தண்ணி தண்ணிதானே."

"மூலையில திகதி இருக்கு."

"அவர் எழுத்துப் பாக்கிறவரோ? தண்ணி பாக்கிறவர்."

கமெராவின் பழைய பதிவுகளைப் புதிய இயங்குதளம் திறக்க மறுத்தது. ஒன்றை மட்டும், போன வருடம் யாருக்கோ அனுப்புவதற்காக, தனிக் கோப்பாக எடுத்து வைத்திருந்தேன். அந்த வருடம் நல்ல மழை. காலை வெயில், துருசு முழுக்கத் திறந்து, வாய்க்கால் இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. அதைப் போட்டேன். ஐயாவின் தோள் இறங்கியது. தேநீர் கேட்டார். நான் பின் விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்தேன். புதிய கமெரா வரும் வரைக்கும், நாலைந்து நாளைக்குத்தான் இது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிந்து கந்தோரால் வந்தபோது ஐயா மிகவும் திருப்தியாக இருந்தார். சட்டை மாற்றுவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டார்.

"வாய்க்கால் கடைசி வயல்காரனுக்குப் பேசினனான். வாய்க்கால் தளும்புது, எங்களுக்குக் காணும், எங்கட முறையை நீ எடு எண்டு சொன்னனான். பாவம், அவன்ர நெல்லு கருகுதாம்."

ஐயாவின் பழக்கம் அது. எங்கள் வயல் துருசடியில் இருக்கிறது. முதலில் குடிக்கிறவன் கடைசியில் நிற்கிறவனைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த ஒழுங்கு. தண்ணீர் மிஞ்சிய வருடங்களில் இப்படி எத்தனையோ முறை விட்டுக் கொடுத்திருக்கிறார். அவருடைய வாய்ச்சொல்லுக்கு மேல் அந்த வாய்க்காலில் யாரும் வேறு கேட்பதில்லை.

படலைக்கு வெளியே போய்த் தம்பிக்கு எடுத்தேன். அவன் ஏற்கெனவே துருசடியில் நின்றான். தன் முறைக்குத் திறக்கப் போனவனிடம், இன்றைக்குத் தண்ணீர் கீழே போகிறது, உங்கள் ஐயாதான் சொன்னவர் என்று சொல்லியிருக்கிறார்கள்.

"போய்க் கதைச்சுப் பார்," என்றேன்.

"என்னெண்டு கதைக்கிறது? அப்பனுக்குப் பழைய படம் போட்டுக் காட்டினனாங்கள், அவர் அதைப் பாத்துத் தந்திட்டார் எண்டோ?" குரலைத் தாழ்த்தினான். "அந்த மனுசன் எனக்குக் கைகூப்புறார் அண்ணை. ஐயா ஆயுசோட இருக்க வேணுமாம்."

பிறகு, ஐடியா தந்தது தான்தான் என்பதையும் அவனே சொன்னான். அடுத்த முறை வரப் பத்து நாளாவது செல்லும். அவன் இரவல் பம் ஒன்று எடுத்து, வயல் மூலையில் இருந்த குழியில் மிஞ்சிக் கிடந்த தண்ணீரை இறைக்கத் தொடங்கினான்.

புதிய இயங்குதளம் ஏற்றுக்கொள்ளும் கமெரா வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. வெள்ளி ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து நானாட்டானுக்குப் போனேன். ஏணியைத் தம்பி பிடித்தான். அவன் உடம்பில் இடுப்பளவுக்குச் சேறு. கண் சிவந்திருந்தது. நான் ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவதைப் பார்த்து, "எண்ணிப் போடுங்கோ, பேந்து ஒண்டு குறையும்," என்றான். நான் எண்ணித்தான் போட்டேன். மேலிருந்து பார்க்க வாய்க்காலின் அடி தெரிந்தது. நடுவில் ஒரு ஈரக்கோடு, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து பெட்டியில் இணைத்தேன். தொலைக்காட்சியைப் போடுவதற்கு முன் ஐயாவின் பக்கத்தில் இருந்தேன்.

"ஐயா, இவ்வளவு நாளும் நீங்கள் பாத்தது போன வருசத்துத் தண்ணி."

"ஆர் போட்டது?"

"நான்."

போடு என்று கையைக் காட்டினார். போட்டேன். காய்ந்த வாய்க்கால். கரைக்கு அந்தப் பக்கம் பம் குழாய் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் தம்பி குனிந்து நின்றான். ஐயா வெகுநேரம் பார்த்தார். அவருடைய முகத்தை நான் பார்க்கவில்லை. கடைசி வயல்காரருக்கு எடுத்துத் தரச் சொன்னார். தந்தேன். தண்ணீர் திருப்பிக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது, எல்லாத் துண்டுக்கும் பரவியதா, மேட்டுத் துண்டுக்கும் ஏறியதா என்பதைத்தான். ஏறியது என்று பதில் வந்தது. "சரி, சந்தோசம்," என்று வைத்தார்.

பிறகு என்னிடம், "இது எப்ப எடுத்தது?" என்றார்.

"இப்ப, ஐயா. இந்த நிமிசம்."

"நீ சொல்லுறாய்."

அவர் திரையைக் காட்டினார். "அப்ப அவனை அதில வந்து நிக்கச் சொல்லு."

தம்பிக்கு எடுத்தேன். எதிர்முனையில் ஒரு கெட்ட வார்த்தை கேட்டது. அது பம்முக்கா எனக்கா தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் அவன் துருசடிக்கு வந்து, கமெராவை அண்ணாந்து பார்த்து, மண்வெட்டியை உயர்த்தினான். ஐயா தலையை ஆட்டினார். அதன் பிறகுதான் வாய்க்காலைப் பார்க்கத் தொடங்கினார்.

தம்பியின் வயலில் தாழ்ந்த துண்டுகள் தப்பின. மேட்டுத் துண்டு பதராகப் போனது. ஐயா அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை. தம்பியும் கதைக்கவில்லை. ஆனால் இப்போது ஒவ்வொரு காலையும் ஐயா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் வரும்வரை குடிக்காமல் இருக்கிறார். அவன் பல்லுத் தூரிகையைக் கடித்தபடி வருகிறான். சில நாட்களில் சாரத்தைச் சரிசெய்தபடி வருகிறான். கையை உயர்த்திவிட்டுப் போகிறான். அறுவடை முடிந்து துருசைப் பூட்டிவிட்டார்கள், பார்ப்பதற்குத் தண்ணீர் இல்லை. அவன் பிந்தினால் நான்தான் தொலைபேசி எடுக்க வேண்டும். எடுத்தால் ஏச்சும் நான்தான் வாங்க வேண்டும்.

நேற்று மாலை அவனே எடுத்தான். விடியப் புறப்பட்டு வவுனியாவுக்குப் போகிறானாம், காலையில் துருசடிக்கு வர முடியாது, ஐயாவிடம் சொல்லிவிடச் சொன்னான்.

சொன்னேன்.

"அப்ப நாளைக்கு ரீவியைப் போடாதை," என்றார் ஐயா.